பதினேழாம் கேள்வி

கேள்வி கேட்க வெளியிலிருந்து ஆள் வந்தால் எல்லாவற்றுக்கும் ஆமாம் சொல்லிவிட வேண்டும். கலாராணிக்கு இதை யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. வத்தேகமைக்கு மேலே அவள் பிறந்த தோட்டத்தில், பார்வையிட ஆள் வருகிற நாளில் கங்காணி விடியவே தொழிலாளர் லயம் ஒவ்வொன்றாக நடந்து, கேட்கிறதுக்கெல்லாம் தலையை ஆட்டுங்கள் என்று சொல்லிவிட்டுப் போவார். தண்ணீர் வருகிறதா என்று கேட்ட சுகாதார ஐயாவிடம், மூன்று மாதமாகக் காய்ந்து கிடந்த குழாயின் மேல் கையை ஊன்றிக்கொண்டே, 'வருதுங்க ஐயா, நல்லா வருதுங்க' என்று அவளுடைய அம்மா சொன்னதை அவள் பார்த்திருக்கிறாள். இல்லை என்று சொன்ன வீட்டுக்குத்தான் அடுத்த மாதம் கரைச்சல் வரும். ஆமாம் சொன்ன வீட்டுக்குத் தண்ணீரும் வராது, கரைச்சலும் வராது.

அதனால், கொழும்புக் கொம்பனி ஒன்றிலிருந்து ஒரு சேர் வந்து லோண்டரியில் எல்லாரையும் கேள்வி கேட்கப்போகிறார் என்று பவாஸ் சொன்னபோது அவளுக்குப் பயம் வரவில்லை. அவன் அடுத்துச் சொன்னதைக் கேட்டுத்தான் பயந்தாள்.

பவாஸ் சின்ன முதலாளி. கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஆற்றங்கரையை ஒட்டிக் கிடக்கிற அந்த லோண்டரி அவனுடைய வாப்பா பாரூக் ஹாஜியாருடையது. கண்டியிலும் சுற்று வட்டாரத்திலும் உள்ள முப்பத்தொரு ஹோட்டல்களின் படுக்கை விரிப்பும் துவாயும் தலையணை உறையும் அங்கேதான் அழுக்காக வந்து வெள்ளையாகத் திரும்பிப் போகும். ஹாஜியாருக்கு இப்போது முழங்கால் முடியாது. கண்ணாடி அறைக்குள் கதிரையில் உட்கார்ந்தபடி, யார் எதைக் கேட்டாலும் பவாஸிடம் கேளுங்கள் என்று கையைக் காட்டிவிடுவார். பவாஸுக்கோ எதையும் இரண்டு தடவை சொல்லப் பொறுமை கிடையாது.

இனி லோண்டரி முழுக்கக் கணினிதான் என்றான் அவன். அதற்கு முன்னால் ஒவ்வொரு பகுதியும் அதற்குத் தயாரா என்று அளந்து பார்ப்பார்களாம். ஐந்துக்கு எத்தனை என்று புள்ளி போடுவார்களாம். இரண்டுக்குக் கீழே போனால் சிவப்பு, நடுவில் மஞ்சள், நாலுக்கு மேலே பச்சை.

"செவப்பு விழுந்த பகுதி எனக்குத் தேவல்ல," என்றான். "ஆளுக்குப் பதிலா மெஷினப் போட்டுட்டு, கதவத் தெறந்து உட்டுடுவன். பொறகு வாப்பாட்ட வந்து அழப்படாது."

கலாராணிக்கு நாற்பத்தாறு வயது. பதினாறு வருடமாகப் பிரிக்கிற மேசையில் நிற்கிறாள். அவளோடு இன்னும் ஆறு பெண்கள். வெளுத்துக் காய்ந்து மலையாக வந்து விழுகிற வெள்ளைத் துணியில் எது எந்த ஹோட்டலுக்குரியது என்று பிரித்துப் போடுவது அவர்கள் வேலை. எல்லாம் ஒரே வெள்ளை. முன்னொரு காலத்தில் கறுப்பு மையால் மூலையில் எழுத்துப் போட்டிருந்தார்கள். வெளுப்புத் தூளில் நாலு தரம் ஊறினால் மை போய்விடும். போகாமல் இருந்தாலும் மேசையில் நின்ற ஒருத்திக்கும் வாசிக்கத் தெரியாது. அப்போதுதான் கலாராணி நூலைப் பிடித்தாள். வாவியைப் பார்த்த பெரிய ஹோட்டலுக்குச் சிவப்பு நூலில் இரண்டு தையல். பேராதனை ரோட்டு ஹோட்டலுக்கு நீலத்தில் ஒன்று. அதன் பக்கத்து விடுதிக்கு நீலத்தில் மூன்று. புது ஹோட்டல் வந்தால் புது நூல். கொரோனாக் காலத்தில் பூட்டிய ஹோட்டல்களின் நூல்களை அவள் வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. பிஸ்கட் தகரத்துக்குள் தனியாக வைத்திருந்தாள். பூட்டிய ஹோட்டலின் துவாய் ஒன்று இரண்டு வருடம் கழித்து எந்த மூட்டைக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் என்று சொல்ல முடியாது.

விரல் நுனியில் மூலையைப் புரட்டி, ஒரே பார்வையில் வீசுவார்கள் ஏழு பேரும். ஆனால் முப்பத்தொன்றும் ஒரே தலைக்குள் இருந்தது கலாராணியின் தலைக்குள் மட்டும்தான். மற்றவர்களுக்கு அவரவர் பக்கத்து ஏழெட்டு. தடுமாறினால், "அக்கா, மஞ்சள்ல நாலு?" என்று கேட்பார்கள். அவள் சொல்லுவாள்.

முப்பத்தொன்பது வயதில், கோவில் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்த பெரியவர்கள் வகுப்பில் அவள் எழுத்துப் படித்தாள். அதற்குப் பிறகு பஸ் போர்டைப் படித்தாள், சவர்க்காரத் தூள் பையைப் படித்தாள், பாண் சுற்றி வந்த பேப்பரைக் கூட்டிக் கூட்டிப் படித்தாள். ஆனால் அந்த நூல் பட்டியலை மட்டும் ஒருநாளும் எழுதி வைக்கவில்லை. ஏன் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள். தாளில் ஏறிவிட்டால் தாள் போதும், ஆள் எதற்கு.

சேர் வருவதற்கு முந்தின நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஆறு பெண்களையும் கூட்டி வைத்து, கேட்கிறதுக்கெல்லாம் ஆமாம் என்று கலாராணி சொல்லிக் கொடுத்தாள். போன் பாவிப்பியா என்றால் ஆமாம். கணினி தெரியுமா என்றால் ஆமாம். இழுக்காதே, யோசிக்காதே, சிரிக்காதே.

வேலாயி சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள். மேசையில் கலாராணிக்கு அடுத்தபடி மூத்தவள். அந்த அடுத்தபடி என்பதே அவளுக்குப் பெரிய குறை.

"தெரியாததத் தெரியும்னு சொன்னா, நாளைக்குச் செய்யச் சொல்லுவானுகளே?"

"செய்யச் சொல்லும்போது பாத்துக்கலாம். இப்ப வெரட்டாம இருக்கணுமில்ல?"

"ஒனக்கு நாலு எழுத்துத் தெரியும்னு எங்க தலையில மொளகா அரைக்கிற," என்றாள் வேலாயி. ஆனால் அவளும் தலையை ஆட்டினாள்.

துணி தேய்க்கிற அயன் பகுதி இராமையா அடுத்த பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். சூடான இரும்போடு இருபது வருடம் கிடந்து அவன் வாயும் அப்படியே ஆகியிருந்தது. தன்னிடம் கேட்டால் ஒரு மண்ணும் தெரியாது என்று சொல்லப்போவதாகச் சொன்னான். அவனோடு நிற்கிற ஐந்து ஆம்பிளைகளும் அப்படித்தான் சொல்வார்களாம். வேண்டுமென்றால் வைத்திருக்கட்டும், வேண்டாம் என்றால் அனுப்பட்டும்.

"நீங்க போங்க, பச்சக் கலர்ல பொட்டு வச்சிக்கிட்டு," என்று கலாராணியைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் பல் குத்தினான்.

அவள் மனசுக்குள், ஆறு குடும்பம் தெருவுக்கு வரப்போகிறது என்று நினைத்தாள். அவனுக்காக ஒரு நிமிஷம் பாவமும் பட்டாள்.

சேரின் பெயர் நிரோஷன். முப்பது வயதிருக்கும். இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சேட், கையில் பலகை மாதிரி ஒரு திரை. சாப்பாட்டு அறையில் மேசை போட்டு, ஒவ்வொருவராகக் கூப்பிட்டான். கேள்வி இருபத்திரண்டு. திரையில் அது ஆங்கிலத்தில் இருந்தது. அவன் வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னான். வானொலியில் செய்தி வாசிக்கிற தமிழ்.

பெண்கள் கதவுக்கு வெளியே வரிசையாக நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி கேள்வி முடிவதற்கு முன்பே ஆமாம் சொன்னாள். ஒருத்தி, திரை உறைந்துபோனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்கும் ஆமாங்க என்றாள். வேலாயியிடம் கடைசிக் கேள்வி, 'இந்த மாற்றத்துக்கு நீங்கள் எதிரானவரா?' வேலாயி சத்தமாக, "ஆமாங்க சேர்," என்றாள். கலாராணி கதவை நெருங்கினாள். கதவிடுக்கால் பார்த்தாள். நிரோஷன் தலை நிமிரவில்லை. விரலால் இல்லை என்ற பக்கத்தைத் தொட்டுவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டான்.

அடுத்த ஆள் அவள்தான். அந்த நேரம் தேத்தண்ணி வந்தது. சீனி காணுமா என்று கொண்டுவந்தவள் கேட்க, "போதுங்க, போதுங்க," என்றான். செய்தித் தமிழ் எங்கோ போய்விட்டது. கலாராணி காதைத் தீட்டிக்கொண்டாள்.

"சேருக்கு எந்தப் பக்கம்?"

"தெல்தோட்டை."

"டவுனா, தோட்டமா?"

அவன் கோப்பையை வைத்தான். தோட்டம்தான், அம்மா கொழுந்து எடுத்தவர்தான் என்று சொன்னான். பிறகு பேராதனையில் படித்தது, கொழும்புக்குப் போனது. மேலே கேட்க வேண்டாம் என்கிற மாதிரி திரையை முன்னால் இழுத்துக்கொண்டான். கலாராணிக்கு அவன் மேல் ஒரு நம்பிக்கை வந்தது. நம்ம பிள்ளை, கை விடாது என்று நினைத்தாள். அந்த நினைப்புக்காகப் பிறகு எத்தனையோ தடவை தன்னையே திட்டிக்கொண்டாள்.

ஒன்றிலிருந்து பதினாறு வரை அவள் சொன்னது எல்லாம் பொய். மின்னஞ்சல் என்றால் என்னவென்று தெரியாமலே அதை அனுப்பத் தெரியும் என்றாள். திரையில் தவறு நேர்ந்தால் தானே திருத்துவதாகச் சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் அவன் விரல் ஆமாம் பக்கத்தைத் தொட்டது. பதினேழாவது வந்தது.

"உங்கள் பகுதியில் ஒவ்வொரு பொருளும் யாருக்குரியது என்று அடையாளம் காண ஏதாவது முறைமை இருக்கிறதா?"

அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. முதல் தடவையாக, ஆமாம் என்பதோடு அவள் நிற்கவில்லை. ஓடிப்போய் ஒரு விரிப்பை எடுத்து வந்து மூலையைப் பிரித்துக் காட்டினாள். மை ஏன் சரிவரவில்லை, நூல் ஏன் நிற்கிறது, நிறம் எதற்கு, தையல் எண்ணிக்கை எதற்கு, பிஸ்கட் தகரம் எதற்கு என்று ஒன்று விடாமல் சொன்னாள். பதினாறு வருடத்தில் நாலு தரம்கூட மாறிப் போனதில்லை என்றாள்.

அவன் நூலைத் தொட்டுப் பார்த்தான்.

"இது எங்கயாவது எழுதி இருக்கா?"

"இல்லைங்க. எல்லாம் மனசுல."

"நீங்க நாளைக்கு வரலைன்னா?"

"நான் வராம இருந்ததில்லைங்களே."

அவன் சிரித்த மாதிரி இருந்தது. இதற்குப் பெயர் முறைமை இல்லை, பழக்கம் என்றான். ஒரு ஆளின் தலைக்குள் இருப்பதை நிறுவனத்தின் கணக்கில் சேர்க்க முடியாது என்றான். அவளுடைய பதில்களில் முதன்முதலாக அவன் விரல் அப்போதுதான் இல்லை என்ற பக்கம் போனது. மிச்ச ஐந்துக்கும் ஆமாம் சொல்லிவிட்டு, விரிப்பை மடித்துக்கொண்டு அவள் வெளியே வந்தபோது, சொன்ன இருபத்திரண்டில் உண்மையாயிருந்தது அது ஒன்றுதான் என்பது அவளுக்கு உறைத்தது. உறைத்தாலும் என்ன, மற்றது எல்லாம் ஆமாம் ஆகிவிட்டதே என்று தேற்றிக்கொண்டாள்.

அடுத்த கிழமை முடிவு வந்தது. பிரிக்கிற மேசைக்கு நாலு புள்ளி மூன்று. பச்சை. அயன் பகுதிக்குப் பூஜ்யம் புள்ளி ஒன்பது. இரத்தச் சிவப்பு. பவாஸ் பெண்களைப் பார்த்துச் சிரித்ததை அன்றுதான் அவர்கள் கண்டார்கள். வேலாயிகூட, "பரவாயில்லடி, ஒன் மூளை," என்றாள்.

திங்கட்கிழமை காலையில் இராமையாவும் ஐந்து ஆம்பிளைகளும் சாமானை வைத்துவிட்டு மாடிக்கு ஏறிப் போனார்கள். கணக்கு முடிக்கப் போகிறார்கள் என்று கலாராணி நினைத்தாள். கொஞ்ச நேரத்தில் மேலேயிருந்து காற்றாடிச் சத்தமும் சிரிப்பும் கேட்டது. பத்து மணிக்கு ஒரு தட்டு நிறைய பிஸ்கட் படியேறிப் போனது. விசாரித்தால், சிவப்பு விழுந்த பகுதிக்கு முழுச் சம்பளத்தோடு ஆறு கிழமை, ஒன்றரை மாதம், பயிற்சியாம். கணினியைத் தொடுவதிலிருந்து சொல்லிக் கொடுக்கிறார்களாம். அப்படித்தான் அந்த மதிப்பீட்டுத் திட்டத்திலேயே எழுதியிருக்கிறதாம். சிவப்பு என்றால் வெளியே அனுப்பு என்று அதில் ஒரு இடத்திலும் இல்லை. பவாஸ் பயம் காட்டியிருக்கிறான். ஒரு பகுதியாவது பச்சை என்று காட்டினால்தான் வங்கிக்காரன் மெஷினுக்குக் கடன் கொடுப்பான். அதற்குப் பிரிக்கிற மேசை அகப்பட்டது.

பச்சைக்குப் பயிற்சி கிடையாது. பச்சைக்கு எல்லாம் தெரியும். அன்று காலையிலேயே அவர்கள் மேசையின் தலைமாட்டில் எண்ணுகிற மெஷின் ஒன்று வந்து உட்கார்ந்துவிட்டது.

வேலை கேட்க லேசுதான். நூலைப் பார்த்து வழக்கம்போலப் பிரித்து, ஒரு ஹோட்டலின் துணியை மெஷினுக்குள் விட வேண்டும். அது எண்ணிப் பையில் போட்டு, ஹோட்டல் பெயரோடு சீட்டும் ஒட்டும். அந்த ஹோட்டல் முடிந்ததும் திரையில் ஒரு பொத்தானை அமுக்கினால்தான் அந்தப் பெயர் மாறும். பிறகு அடுத்த ஹோட்டல். அந்தப் பொத்தானில் எழுதியிருந்தது ஆங்கிலத்தில். திரை முழுக்க ஆங்கிலமும் ஒரு மூலையில் சிங்களமும். கலாராணிக்குத் தெரிந்த எழுத்து ஒன்றுகூட அதில் இல்லை. பஸ் போர்டில் மூன்று பாஷை போட்டவர்கள் இதில் ஏன் போடவில்லை என்று யாரிடம் கேட்பது? தெரியும் என்று சொன்னவள் அவள்தானே.

பெட்டி பெட்டியாகத் தெரிந்ததில் வேலாயி ஒன்றை அமுக்கினாள், கலாராணி ஒன்றை அமுக்கினாள். மெஷின் ஓடியது. ஆனால் முடிக்கிற பொத்தானை ஒருத்தியும் அமுக்கவில்லை. முதலில் போட்டது வாவி ஹோட்டலின் துணி. அதற்குப் பின்னால் போன மூன்று ஹோட்டல்களின் துணிக்கும் வாவி ஹோட்டல் பெயரிலேயே சீட்டு வந்து விழுந்தது.

லொறிக்காரன் சுரேஸ் சீட்டைப் பார்த்து, வாவி ஹோட்டலுக்கென்று பைகளைத் தூக்க வந்தபோது, ஒரு பையின் வாயில் துருத்திக்கொண்டிருந்த மூலையைக் கலாராணி கண்டாள். நீலத்தில் மூன்று. அது விடுதித் துணி. கறை போகாத பழந்துணி. அதை வாவி ஹோட்டலுக்கு ஏற்றாதே என்று தடுத்தாள். சுரேஸ் நின்றான். பவாஸ் வந்துவிட்டான்.

"சீட்டுல என்ன போட்டீக்கோ அங்க போகும்," என்றான். "இனி நூலப் பாத்து, வெரல நக்கி, அந்தப் பழைய கூத்தெல்லாம் இங்க இல்ல. ஏத்துடா."

அன்று வாவி ஹோட்டலில் ஒரு பெரிய கலியாணம். வெளிநாட்டிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளை வீட்டாருக்கு விரித்த கட்டிலில் பழுப்புக் கறையோடு விடுதி விரிப்புகள். செவ்வாய்க்கிழமை காலை அந்த ஹோட்டல் மேனேஜர் தொலைபேசியில் பேசியது கண்ணாடி அறைக்கு வெளியே கேட்டது. இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேறு லோண்டரி பார்ப்போம் என்று சொன்னானாம். பவாஸ் வெளியே வந்து, மேசையில் நின்ற ஏழு பேரையும் ஒரு பார்வை பார்த்தான்.

"தெரியும் தெரியும்னு சொல்லி ஏமாத்தினீங்க. ஒங்கட பதில் எல்லாம் பதிவாகி ஈக்கி. பொய் சொன்ன ஆக்களுக்கு சனிக்கிழமையோட முடிஞ்சி."

அவன் போன பிறகு பெண்கள் அவன் மேல் பாயவில்லை. கலாராணி மேல் பாய்ந்தார்கள். ஆமாம் சொல்லச் சொன்னது யார் என்று வேலாயி கேட்டாள். மற்றவர்கள் கேட்கவில்லை, அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு துணியை வீசினார்கள். அது அதைவிட மோசம். மாடியிலிருந்து இறங்கி வந்த இராமையா பிஸ்கட் துணுக்கைத் தட்டிவிட்டபடி, "பச்சப் பொட்டு எப்படி இருக்கு, மேடம்?" என்று கேட்டுக்கொண்டே போனான்.

வத்தேகமை பஸ்ஸில் அன்று அவள் சன்னலோரத்தில் உட்கார்ந்து யோசித்தாள். சனிக்கிழமைக்குப் பிறகு நாற்பத்தாறு வயதுக்காரிக்கு வேறு எங்கே வேலை. தோட்டத்துக்குத் திரும்பிப் போய்க் கூடை தூக்க முதுகும் இல்லை, மனசும் இல்லை. வேலை போவது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், தெல்தோட்டைப் பிள்ளை தலை நிமிராமல் இல்லை என்று தொட்ட அந்த விரல் அவள் கண்ணுக்குள்ளேயே நின்றது.

புதன்கிழமை நிரோஷன் வந்தான். கண்ணாடி அறைக்குள் ஹாஜியார், பவாஸ், அவன் மூன்று பேரும் பேசிக்கொண்டிருந்தபோது கலாராணி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். பதினாறு வருடத்தில் கூப்பிடாமல் அந்தக் கதவைத் தாண்டியதில்லை. மற்ற ஆறு பேரும் வாசலோடு நின்றார்கள்.

"சேர், நாங்க சொன்னது எல்லாம் பொய்," என்றாள். "எங்களுக்கு ஒன்னும் தெரியாது. திருப்பி எழுதுங்க."

வெளியே போ என்று பவாஸ் எழும்பினான். நிரோஷன் கையைக் காட்டி அவனை உட்கார வைத்துவிட்டு, செய்தித் தமிழில், பதிவு செய்த பதிலை மாற்ற முடியாது என்று விளக்கினான். தவறான தகவல் தந்தது அவர்களுடைய பொறுப்பு என்றான். தான் கேள்வி கேட்டதாகவும் வந்த பதிலை எழுதியதாகவும் சொன்னான்.

"வந்தத எழுதலையே, சேர்."

"என்ன?"

"வேலாயிகிட்ட நீங்க இதுக்கு எதிரான்னு கேட்டீங்க. அவ ஆமான்னா. நீங்க தலையக்கூட நிமித்தாம இல்லைன்னு போட்டுக்கிட்டீங்க. கதவுக்கு வெளிய நின்னு நான் பாத்தேன். நாங்க எதுக்கும் ஆமாதான் சொல்லுவோம்னு ஒங்களுக்குத் தெரியும். தெரிஞ்சேதான் எழுதுனீங்க."

நிரோஷன் திரையைத் திருப்பி வைத்தான்.

"தெல்தோட்டையில ஒங்கம்மாவும் இப்படித்தான் தலைய ஆட்டியிருப்பாங்க, தம்பி," என்றாள் கலாராணி. சேர் என்பது தம்பி ஆனதை அவள் கவனிக்கவில்லை, அவன் கவனித்தான். "அவுங்க ஆட்டுனது பயத்துல. நாங்க ஆட்டுனதும் பயத்துல. நீங்க எழுதுனது எதுக்கு?"

அவன் காது மடல் சிவந்தது. ஹாஜியார் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே, இதுவரை கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தவர், நிரோஷனைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மெஷின் விக்கியதும் ஒங்கட கொம்பனிதானே, மகன்?"

நிரோஷன் திரையின் ஓரத்தைத் துடைத்தான். வாப்பா என்று பவாஸ் இழுத்தான். ஹாஜியார் அவன் பக்கம் திரும்பவேயில்லை. கலியாண வீட்டில் தன்னுடைய பெயர் நாறியதைவிட வங்கிக்குப் பொய்க் கடுதாசி போனால் இன்னும் நாறும் என்று சொல்லிவிட்டு, திரும்ப எழுதச் சொன்னார்.

திரையில் மாற்ற முடியாதாம், தாளில்தான் எழுத வேண்டுமாம். அவர்களில் ஒருத்தியே கைப்பட எழுதி, அவரவர் கையெழுத்தோ பெருவிரலோ வைத்தால்தான் செல்லுமாம். நிரோஷன் இதைச் சொன்ன விதத்தில், ஏழு பேரும் இங்கேயே மாட்டிக்கொள்வார்கள் என்கிற நிம்மதி தெரிந்தது. எழுதத் தெரிந்தவர்கள் யார் என்று கேட்டான்.

"குடுங்க," என்றாள் கலாராணி.

சாப்பாட்டு அறையில் அதே மேசை. இந்த முறை பேனா அவள் கையில். நிரோஷன் கேள்வியைப் படிக்க, ஒவ்வொருத்தியும் மெல்லச் சொல்ல, அவள் எழுதினாள். உண்மையிலேயே தெரிந்த ஒன்றிரண்டைத் தவிர எல்லாம் இல்லை. அவளுக்கு எழுத்து இன்னும் வேகமாக வராது. ஒவ்வொரு 'இ'யையும் சுழித்து முடிக்க ஒரு மூச்சு வேண்டியிருந்தது. இருபதாவது இல்லையில் விரல் வலித்தது. ஐம்பதாவதில் மணிக்கட்டு வலித்தது. பெண்களுக்கும் அது லேசாக இல்லை. தெரியாது என்று தன் வாயால் சொல்லி, அது தாளில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு, கீழே பெருவிரல் மையை ஒற்ற வேண்டும். ஒருத்தி அழுதாள். வேலாயி மட்டும் கடைசிக் கேள்வி வந்ததும், "அதுக்கு ஆமான்னே போடு," என்றாள். "அன்னைக்கும் அதான் சொன்னேன்."

கலாராணியின் தாள் கடைசியாக வந்தது. பதினாறு இல்லை எழுதினாள். பதினேழில் பேனா நின்றது. அவள் ஆமாம் என்று எழுதினாள்.

"அது இல்லைன்னு அன்னைக்கே சொன்னேன்," என்றான் நிரோஷன்.

"இருக்குங்க. முப்பத்தொரு ஹோட்டல் இருக்கு."

கதவருகே நின்ற பவாஸ் உள்ளே வந்தான். அடுத்த கட்டமாக ஒவ்வொரு துணிக்கும் இலக்கம் ஒட்ட வேண்டும், அதற்கு எந்த நூல் எந்த ஹோட்டல் என்ற பட்டியல் இல்லாமல் ஒரு துணியைக்கூடத் தொட முடியாது என்று கொழும்பிலிருந்து வந்த ஆட்கள் நேற்றே அவனிடம் சொல்லியிருந்தார்கள். அவனுடைய குரல் அன்று முதல் தடவையாகக் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"அப்ப அந்த லிஸ்ட இந்தத் தாள்லயே எழுதிக் குடு. பேனா கையில ஈக்கிதானே."

"எழுதிக் குடுத்தா ஆமான்னு ஏத்துக்கிறேன், அக்கா," என்றான் நிரோஷனும். "ஒங்க புள்ளியும் கூடும்."

இரண்டு பேரும் அவள் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவளும் பார்த்தாள். சுட்டுவிரலில் நீல மை, நகக்கண்ணில் வெளுப்புத் தூள் அரித்த வெள்ளை. அவள் அந்த ஆமாமை அடிக்கவில்லை. மிச்ச ஐந்து கேள்விக்கும் ஐந்து இல்லையை எழுதி, கீழே தன்னுடைய பெயரை ஒரு எழுத்தும் விடாமல் போட்டு, பேனாவை மூடித் தாளின் மேல் வைத்தாள்.

"இப்ப நாங்க செவப்பு," என்றாள். "ஆறு கெழம வகுப்பு இருக்கு. ஏழு பேருக்கும், முழுச் சம்பளத்தோட. அது முடியிற அன்னைக்கு லிஸ்ட எழுதி ஹாஜியார் கையில குடுப்பேன். அதுக்கு முந்தி கேட்டீங்கன்னா, எனக்கு எழுதத் தெரியாது."